இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுங்கள்

பொங்கல் கழிந்த வாரத்தில், காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்தோட்டத்தில் விளக்குக் கலைக் காட்சி வைத்திருந்தார்கள். நாங்கள் அங்கே ஒரே வாரத்தில் இரண்டு முறை போனோம். ஞாயிற்றுக்கிழமை போனது சரியாக அமையவில்லை. புதன்கிழமை போனதை எங்கள் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு நாளும் அதே தோட்டம், அதே விளக்குகள்தான். நாங்கள் போன நேரமும் போன விதமும்தான் வேறு. வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இப்படி ஒரு இடத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், ஐந்து வயது மகன், என் மாமியார். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. ஐப்பசியில் இடது கண்ணுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. வலது கண்ணுக்கு மாசியில் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குப் போய் இறங்கினோம். வாசலில் கார்களின் ஹெட்லைட், டிக்கெட் மேஜைக்கு மேலே ஒரு பெரிய வெள்ளை விளக்கு. அந்த வெளிச்சத்திலிருந்து நேராகத் தோட்டத்து இருட்டுக்குள் போனதும் எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எல்லோர் கையிலும் செல்போன் வெளிச்சம். வீட்டின் கடைசிப் பகுதியான மூன்றாம் கட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் கல்படியில் அத்தைக்குக் கால் மடங்கிவிட்டது, நல்லவேளை கணவர் கையைப் பிடித்திருந்தார். மாமரத்தைத் தாண்டி ஒரு மூலையில் விளக்குகள் பளிச் பளிச்சென்று வெட்டி வெட்டி எரிந்தன. மகன் என் இடுப்பில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தான். நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

காரில் அத்தை, “கண்ணு கூசுது, ஒண்ணும் பிடிபடலை” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, “ஏத்தா, அந்தக் கெணத்துக்குள்ள போட்டிருந்தாகளே, அது என்ன நெறம்?” என்று கேட்டார். நீலம் என்றேன். “ஒரு கண்ணுக்கு நீலமாத்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் வந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் புதன்கிழமை மறுபடி போனோம்.

இந்த முறை ஐந்தேகாலுக்கே கிளம்பி, ஐந்தே முக்காலுக்கு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம். டிபன் பாக்ஸில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொண்டுபோயிருந்தேன். உள்ளே சாப்பாட்டுக் கடை இருந்தது, ஆனால் பிள்ளைகளின் பசியை வாசலிலேயே ஆற்றிவிட்டால் உள்ளே அவசரம் இருக்காது. வார நாள் என்பதால் கூட்டமும் இல்லை. வரவேற்ற தம்பியிடம் மூன்று கேள்வி கேட்டேன்: வெட்டி வெட்டி எரிகிற விளக்கு எந்தப் பக்கம், படியில்லாமல் தோட்டத்துக்குள் போக வழி இருக்கிறதா, வயதானவருக்கு ஒரு நாற்காலி கிடைக்குமா. மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தது. வண்டிப்பேட்டைப் பக்கம் ஒரு சாய்தள வழி இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கேட்கவே இல்லை. ஒரு பையன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, “ஆச்சி, எங்க வேணும்னு சொல்லுங்க, அங்க போடுறேன்” என்று கூடவே வந்தான்.

ஆறேகாலுக்குச் சூரியன் மறைந்தது. நம் பக்கத்தில் மறைந்த இருபது இருபத்தைந்து நிமிடத்தில் நன்றாக இருட்டிவிடும். அந்த இருபது நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். சுவரோரம் ஒரு செம்பருத்திச் செடி இருந்தது. நாங்கள் உட்கார்ந்தபோது பூக்கள்தான் முதலில் கண்ணில் பட்டன, அவ்வளவு சிவப்பு. வெளிச்சம் குறையக் குறைய அந்தப் பூக்கள் கறுத்துக்கொண்டே வந்தன. கடைசியில் இலைகள் வெளிறித் தெரிகின்றன, பூ இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டுத்தான் இருக்கிறது. பகலில் நிறம் பார்க்கும் செல்கள் ஓய்ந்து, மங்கலில் பார்க்கும் செல்கள் வேலையை எடுத்துக்கொள்வதால் இப்படி. இரண்டாவது வகைக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியவே தெரியாது, பச்சையும் நீலமும் தூக்கலாகத் தெரியும். இதை முதலில் எழுதிவைத்தவர் பர்க்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் அறிஞர், 1825-ல். மகள் பூவையும் இலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பணியாரத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அந்தக் கண் மாற்றம் முழுதாக நடக்க இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்தால் கண் மறுபடி பழைய நிலைக்குப் போய்விடும். அதனால் எல்லோர் போனும் என் பைக்குள். வழி பார்க்க ஒரு சின்ன டார்ச், அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு போட்டு ரப்பர் பேண்ட் கட்டியிருந்தோம். சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. வயதானவர்களுக்கு இந்தப் பொறுமை இன்னும் அவசியம். அறுபது வயதுக்காரரின் கண்ணுக்குள், இருபது வயதில் போன வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது என்பார்கள். கண்ணின் பாவை சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தையை நாங்கள் கையைப் பிடித்து விறுவிறு என்று இழுத்துக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

முதலில் மாமரத்தடி. கிளை கிளையாகக் கொட்டான்களை, அதாவது பனையோலையில் முடைந்த கூடைகளை, கவிழ்த்துத் தொங்கவிட்டு, உள்ளே மஞ்சள் வெளிச்சம் வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் கல்யாணம், சீர், பலகாரம் எல்லாம் கொட்டானில்தான் போகும், வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து முடைவார்கள். அதைத் தலைகீழாக, விளக்கோடு பார்த்தது அத்தைக்கு ஆச்சரியம். பின்னல் இடைவெளி வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாக மண்ணில் விழுந்திருந்தது. காற்றடித்தால் தரை முழுக்க அசைகிறது. மகன் அந்தப் புள்ளிகளை மிதிக்க ஓடினான். ஞாயிற்றுக்கிழமை இதே மரத்தடியில் நான்தான் அவன் கையை விடாமல் பிடித்திருந்தேன். அத்தை அண்ணாந்து பார்த்து, “இது எங்க அம்மா காலத்துப் பின்னலு. இப்ப யாரு இப்படிப் பொடிசாக் கிழிக்கிறா” என்றார். நாற்காலி கொண்டுவந்த பையன் அதைக் கேட்டு, செய்த பெண்ணையே கூட்டிவந்துவிட்டான். இருவரும் ஓலை பற்றிக் கால்மணி நேரம் பேசினார்கள். செய்தவர்கள் பக்கத்தில் நின்றால் கூச்சப்படாமல் பேச்சுக் கொடுங்கள். விளக்கப் பலகையில் இல்லாத சங்கதியெல்லாம் அப்போதுதான் வரும்.

அடுத்தது புல்வெளி. முழங்கால் உயரத் தண்டுகள், உச்சியில் கண்ணாடி மொட்டு, நிறம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்தது. தண்டுக்குள் ஓடுவது ஒளியிழை, வெளிச்சத்தைக் கடத்தும் மெல்லிய இழை. அதன் ஒரு முனையில் வெளிச்சத்தை விட்டால் உள்சுவரில் மோதி மோதித் திரும்பி, வழியில் கசியாமல் மறுமுனைக்கு வந்துவிடுகிறது. தண்டுக்குள் கரண்டே கிடையாது. இந்த மாதிரிக் கலையில் பெயர் பெற்றவர் புரூஸ் மன்றோ என்ற ஆங்கிலேயர். 1992-ல் ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைப் பக்கம் பயணம் போனபோது வந்த எண்ணத்தை, 2016-ல் அதே இடத்தில் 50,000 ஒளித்தண்டுகளாக நட்டுக் காட்டினார். எங்கள் புல்வெளியில் சில நூறுதான் இருக்கும். ஆனால் நம் செம்மண் தோட்டத்தில், பின்னால் ஓட்டுக் கூரையின் நிழல் தெரிய நின்றதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

சாமான் அறைச் சுவரில் இருந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வீட்டிலேயே செய்யலாம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய சுண்ணாம்புச் சுவர், தொட்டால் பளிங்கு மாதிரி வழுவழு. அதன் எதிரே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். மூன்றும் கலந்து விழுவதால் சுவர் வெள்ளையாகத்தான் தெரிந்தது. முன்னால் கையை நீட்டினால் மூன்று நிழல், மூன்றும் வேறு வேறு நிறம். சிவப்பை மறைத்த இடத்தில் பச்சையும் நீலமும் சேர்ந்த மயில்கழுத்து நிறம், பச்சையை மறைத்த இடத்தில் பளீரென்ற ரோஸ், நீலத்தை மறைத்த இடத்தில் மஞ்சள். நிழல்கள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நடு இடம் மட்டும்தான் நிஜமான கறுப்பு. மகன் பத்து விரலையும் விரித்து ஆட்டினான், சுவர் முழுக்க முப்பது விரல். அங்கிருந்து அவனை நகர்த்த அரைமணி நேரம் ஆனது. நாங்கள் அவசரப்படுத்தவில்லை. வீட்டில் செய்ய மூன்று டார்ச்சும் மூன்று நிறக் கண்ணாடித்தாளும் போதும். நீலத் தாள் மட்டும் வெளிச்சத்தை நிறையத் தடுக்கும், அந்த டார்ச்சைக் கொஞ்சம் கிட்டத்தில் வையுங்கள்.

அப்புறம் கிணறு.

இரும்பு வலை போட்டு மூடிய பழைய கிணறு. உள்சுவரைச் சுற்றி நீல விளக்குகள், அடியில் தண்ணீர். கைப்பிடிச் சுவர் ஓரமாகவே நாற்காலியைப் போட்டுக் கொடுத்தான் பையன். அத்தை குனிந்து பார்த்தார். வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினார். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார். மறுபடி மாற்றினார். நாங்கள் யாரும் பேசவில்லை.

“இந்தக் கண்ணுக்கு நீலம். நல்ல நீலம், மயில் நெஞ்சு மாதிரி. இந்தக் கண்ணுக்கு அழுக்குத் தண்ணி மாதிரி ஒரு பச்சை. ஆனா ஒவ்வொரு வெளக்கும் செவந்திப் பூவா விரியுது.”

மகள் உடனே நோட்டை எடுத்தாள். எந்தக் கண், எந்த விளக்கு, என்ன நிறம் என்று கேட்டுக் கேட்டுச் சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் எழுதினாள். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் பழுத்து மஞ்சளாகிறது, அது நீலத்தை வடிகட்டிவிடுகிறது. மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் ஆன சில மாதங்களில்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-ல் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு இந்த நிற மாற்றத்தோடு பாடுபட்டிருக்கிறார். விளக்கு பூவாக விரிவதும் கண்புரையின் வேலைதான், லென்ஸில் பட்ட வெளிச்சம் சிதறுகிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குக் கூசியதும் அதனால்தான்.

கிணற்றடியில் நின்ற தம்பி இன்னொன்று சொன்னார். சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலம் வர 1990-களின் தொடக்கம் வரை ஆனது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டு வெள்ளை எல்இடி பல்புக்குள் இருப்பதும் பெரும்பாலும் நீலம்தான், மேலே மஞ்சள் பூச்சுப் பூசி வெள்ளையாகக் காட்டுகிறார்கள். இதைக் கேட்டதும் மகள் திரும்பி, “அப்பத்தா, ஒங்க பழைய கண்ணுலயும் மேல மஞ்சப் பூச்சு இருக்கு!” என்றாள். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்து வந்த குடும்பத்துக்கும் அதையே சொன்னார்.

அவர் அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெட்ரோமாக்ஸ் தூக்குகிறவர்கள் முன்னால் நடக்க மாப்பிள்ளை அழைப்பு போனதையும், வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், ஒரே ஒரு அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பதினாறு பேர் சாப்பிட்டதையும் சொன்னார். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி வீட்டில் பிள்ளையார் நோன்பன்று இழை எடுப்பதைப் பற்றி மகள் அந்தத் தம்பியிடம் சொன்னாள். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள், இருபத்தோரு நூலிழையைத் திரியாக்கி, மாவில் வைத்து நெய்யில் ஏற்றி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். அவர் வெளியூர்க்காரர், கேட்டுவிட்டுச் சிறிது நேரம் அப்படியே நின்றார்.

வெட்டும் விளக்கு இருந்த மூலைக்கு நாங்கள் போகவில்லை. பிள்ளைகள் பயப்படுவது ஒரு பக்கம், வலிப்பு உள்ளவர்களுக்கு இது நிஜமாகவே ஆபத்து. நொடிக்கு மூன்று முதல் முப்பது தடவை மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும். எதிர்பாராமல் மாட்டிக்கொண்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திக்கொண்டு திரும்பிவிட வேண்டும். வாசலில் இதற்கு ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கலாம் என்று போகும்போது சொல்லிவிட்டு வந்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். எட்டு மணிக்கே புல் நனைந்துவிட்டது. ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பக்கம் வார் உள்ளதாகப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குத் தலையில் சுற்ற ஒரு துண்டு, மேலே ஸ்வெட்டர். வயர் ஓடும் இடங்களில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், ஈர மண்ணில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தால் உடனே ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இங்கே எல்லாவற்றையும் செங்கல் மேல் தூக்கி வைத்து மூடியிருந்தார்கள், அதைப் பார்த்ததும் எனக்கு மனசு சமாதானமாகிவிட்டது. இருட்டில் செடிக்குள் கால் வைக்கவே வேண்டாம், நம் தோட்டங்களில் எது சுருண்டு கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

போட்டோ எடுக்க விரும்பினால் ஒரு சுற்று வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டாவது சுற்றில் போனை எடுங்கள். லென்ஸைத் துணியால் துடையுங்கள், பனி படிந்திருக்கும். பிளாஷ் கூடாது. விளக்கின் மேல் விரலை வைத்துத் தொட்டு, பக்கத்தில் வரும் வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்தால் நிறம் வெளுக்காமல் வரும். கையைத் தூணிலோ சுவரிலோ முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து எடுங்கள். கணவரின் வெள்ளை வேட்டி ஒரு ஊதா விளக்கின் கீழே நீலமாக ஜொலித்தது. சலவைத் தூளில் துணி வெளுப்பாகத் தெரியச் சேர்க்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுப்பதால் அப்படி. அந்தப் போட்டோவைத்தான் மகன் இப்போதும் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறான்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தலாக இருந்தது. தோட்டத்து மூலை வேப்பமரத்தில் காக்கைகள் அடைகின்றன. இந்த மாவட்டத்திலேயே, திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவில் இரவெல்லாம் மரத்தின்மேல் வெளிச்சம் அடிக்கலாமா என்று கேட்டேன். வேப்பமரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டோம், ஒன்பதரைக்கு மொத்தமாக அணைத்துவிடுவோம் என்றார்கள். பூச்சி அதிகம் வராமல் இருக்கத்தான் கொட்டான்களில் மஞ்சள் விளக்கு, பூச்சிகளை இழுப்பது நீலமும் புற ஊதாவும் என்றும் சொன்னார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் இதை வைத்திருந்தால் ஈசல் மொய்த்து ஒரு விளக்கும் தெரிந்திருக்காது, தையில் வைத்ததுதான் சரி.

ஒன்பதரை வரை இருந்தோம். மாமரம் முதலில் அணைந்தது, அடுத்துப் புல்வெளி, கடைசியாகக் கிணறு. அணைந்த பிறகு யாரும் வாசல் விளக்கைப் போடவில்லை. வானத்தில் நட்சத்திரம் அவ்வளவு இருந்தது. அத்தை நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல், இடது கண்ணைப் பொத்தி ஒரு தடவை, வலது கண்ணைப் பொத்தி ஒரு தடவை மேலே பார்த்தார்.

அடுத்த மாதம் அவருக்கு ஆபரேஷன். அதற்கு முன்னால் பழைய கண்ணால் இன்னும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அப்பத்தாவும் பேத்தியும் அந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வரியில் அத்தையின் கல்யாணக் கண்டாங்கிச் சேலை. இரண்டாவது, அவியாத வெளக்கு ஒண்ணு, செவந்திப் பூவாகப் பார்க்க.